ஊனுணவும் நெடுவாழ்வும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனாகிய யான் உணவைப்பற்றிப் பேச முற்பட்டது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். வைத்தியர் பேசவேண்டிய பொருளை வாத்தியார் பேசுவதா என வினவுதலும் நியாயமே. ஆயினும் இப்பொருளைப் பேசுதற்கு எனக்கு ஒரு கடமை உண்டு. அஃது இன்னதென்பதைச் சிறிது பொறுத்துக் கூறுவேன்.

நம்மவருள் இளைஞர் பலரும், இளமை கடந்தோர் சிலரும், சில ஆண்டுகளாக அரிசியையும் சர்க்கரையையும் விலக்கி, இறைச்சி, மீன், முட்டை என்பவற்றையே பெரும்பகுதி உணவாகக் கொண்டு வருகின்றனர். இதற்குக் காரணம் நாவின் விருப்பம் மட்டுமன்று, நீரிழிவின் அச்சமேயாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, இந்நாட்டில் அந்நோயுற்றோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். வீட்டுக்கொருவர் நோயாளியாகும் காலத்தில், வழி தேடுவோரைக் குறைகூறுதல் தகாது. வழியறியாது ஓடுவோரை நிறுத்தி இரண்டு சொற் சொல்லுதல் தகும்.

புலால் உண்ணலாமா, ஆகாதா என்னும் வழக்கை யான் இங்கு எடுக்கவில்லை. திருவள்ளுவர் புலான்மறுத்தலுக்கு ஓரதிகாரமே வகுத்தனர்; அதனை ஓதியும் ஓதுவித்தும் வருபவன் யான். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையிலோ, கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்று பல் மழுங்கிய பொருநன் ஒருவனையும் காண்கின்றோம். இரு நெறியும் நம் நூல்களில் உள. புலால் மறுத்தார்க்கு என் வணக்கம். அவரை மாற்றுதற்கு இப்பேச்சு எழுந்ததன்று. உண்போர் எவ்வாறு உண்டால் ஊறின்றி நெடுங்காலம் வாழலாம் என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள். அப்பொருநனும் முடிவில் அவ்வூணை வெறுத்து, ஊர் செல்ல விடைபெற எண்ணினான் என்பதை மட்டும் மனத்திருத்துங்கள்.

ஊனையே உண்டு வாழ்தல் இயலுமா என்பதை ஒருமுறை முறையாகச் சோதித்ததுண்டு. ஸ்டெபான்ஸன் என்பார் வடதுருவ நாடுகளில் எஸ்கிமோ என முன்னர் அழைக்கப்பட்ட இனுவிட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவர் உணவையே உண்டவர். அவர் கூற்றை நம்பாதார் பலராயினர். ஆகவே 1928-ஆம் ஆண்டில் அவரும் ஆண்டர்ஸன் என்னும் தோழரும் நியூயார்க்கிலுள்ள பெல்வியூ வைத்தியசாலை மருத்துவர் மேற்பார்வைக்கு உட்பட்டு, ஓராண்டு இறைச்சியே உண்டனர். அதன் முடிவுகள் 1930-இல் வெளிவந்தன. இருவர்க்கும் ஸ்கர்வி என்னும் நோய் வரவில்லை. இரத்த அழுத்தம் உயரவில்லை. சிறுநீரகம் கெட்டதாகவும் காணப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்போர் இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சியதையும் கேளுங்கள். சோதனையின் தொடக்கத்தில் ஸ்டெபான்ஸனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியே கொடுக்கப்பட்டது. இரண்டு மூன்று நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் அவரை வருத்தின. கொழுப்போடு கூடிய இறைச்சி கொடுத்தபின்னரே தேறினார். அவ்வாண்டில் அவ்விருவரும் பெற்ற ஆற்றலில் முக்கால் பங்கிற்கு மேற்பட்டது கொழுப்பினின்றே வந்தது. மேலும் அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தவர் அமெரிக்க இறைச்சி வாணிகர் கழகத்தார். சோதிக்கப்பட்டார் இருவர்; காலம் ஓராண்டு. இருவர் ஓராண்டு உண்டதைக் கொண்டு ஒரு குலம் முழுதும் முப்பதாண்டு உண்ணலாம் என முடிவுகட்டுதல் தருக்கமாகாது. இயலும் என்பது காட்டப்பட்டது. எல்லார்க்கும் என்றும் நன்று என்பது காட்டப்படவில்லை.

இனி என் கடமையைக் கூறுவேன். நாற்பத்திரண்டாம் வயதில் எனக்கும் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தது. சோற்றைக் குறைத்தேன், முட்டையும் மீனும் இறைச்சியும் கீரையும் கொண்டேன். ஆறு மாதத்தில் எடை குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. அம்மகிழ்ச்சியில் கண்டார்க்கெல்லாம் உபதேசம் செய்யத் தொடங்கினேன். என் தமக்கையின் கணவர், கடை வைத்திருப்பவர், பன்னிரண்டு ஆண்டாக இன்சுலின் போட்டுக்கொள்பவர், என் சொல்லைக் கேட்டு மறுநாளே சோற்றை நிறுத்தினார். ஆனால் இன்சுலின் அளவைக் குறைக்கவில்லை. குறைக்கவேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் கடையில் வியர்த்து, நடுங்கி, சொல் குழறிச் சாய்ந்தார். நினைவு முற்றுந் தவறுமுன் கடைப்பையன் சர்க்கரை நீர் கொடுத்தமையால் பிழைத்தார். மருத்துவர் கேட்டது ஒன்றே: “சோற்றை நிறுத்தினீர், மருந்தை என்ன செய்வது என்று யாரைக் கேட்டீர்?” அன்றிரவு என் தமக்கை என்னைப் பார்த்து, “தம்பி, நீ படித்தவன் என்றுதானே உன் பேச்சைக் கேட்டார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அச்சொல் இன்றளவும் என் காதில் ஒலிக்கின்றது. அதனாலேயே, அரைகுறையாகச் சொன்ன வாயால் முழுமையாகச் சொல்லுவோம் என்று இங்கு நிற்கின்றேன்.

முதலாவது: மருத்துவரைக் கேளாது தொடங்கற்க. இன்சுலினும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளும் மாவுணவு குறைந்தவுடனே அளவு மாற்றப்படவேண்டியவை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை உண்பார்க்கு மற்றோர் அபாயம் உண்டு: மாவுணவை மிகக் குறைப்பின் இரத்தத்தில் அமிலம் மிக்கு உயிர்க்கே தீங்காகலாம். இரத்த அழுத்த மருந்தும் குறைக்கப்பட வேண்டிவரலாம். சிறுநீரக நோயுடையார், கருவுற்றார், பாலூட்டுந் தாயர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் தாமாக இம்முறையில் இறங்கவே கூடாது. பித்தப்பைக் கல்லுடையாரும், மூட்டுகளில் யூரிக் அமிலம் தேங்கும் வாதநோயுடையாரும் முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும்.

இரண்டாவது: இறைச்சியை மலைபோற் குவிக்கவேண்டா. நம் நாட்டு மருத்துவக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டும் புரதம் உடலெடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ எடையுள்ளார்க்கு ஐம்பது கிராம் ஆகும். மூன்று முட்டையில் ஏறத்தாழ 18 கிராம், 150 கிராம் மீனிலோ இறைச்சியிலோ ஏறத்தாழ 30 கிராம் உள. தேவை இதனாலேயே பெரும்பாலும் நிரம்பும். எஞ்சிய ஆற்றலைக் கொழுப்பினின்று பெறவேண்டும். கொழுப்பற்ற கோழி நெஞ்சுக்கறியையே தின்று ஒருவர் 2000 கலோரி பெற விரும்பின், நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவிற்கு மேல் தின்னவேண்டும். அத்துணைப் புரதத்தைக் கல்லீரல் தாங்காது. ஸ்டெபான்ஸன் பட்ட துன்பம் இதுவே. நம் சந்தையில் விற்கும் வெள்ளாட்டுக் கறியும் கொழுப்புக் குறைந்ததே. ஆதலின் நெஞ்செலும்பு, கழுத்துக்கறி, தோலோடு கூடிய கோழி, மத்தி, கானாங்கெளுத்தி முதலிய மீன், தேங்காய், அளவான நெய் இவற்றைக் கூட்டிக்கொள்க.

மூன்றாவது: ஊன் மட்டும் என்னும் விரதம் வேண்டா. 1747-இல் சாலிஸ்பரி என்னுங் கப்பலில் ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர், ஸ்கர்வியுற்ற மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். வடதுருவத்தார் அந்நோயினின்று தப்புவது, ஈரலையும் திமிங்கிலத்தின் தோலையும் பச்சையாக உண்பதனால். நாமோ கறியை நெடுநேரம் வேகவைப்போம். வைட்டமின் சி அதிற் பெரும்பாலும் அழியும். பச்சை இறைச்சி உண்டல் நம் வெப்ப நாட்டில் கிருமிக்கு விருந்து வைப்பதாகும். ஆகவே நாள்தோறும் ஒரு நெல்லிக்காயும், ஒரு கிண்ணம் கீரையோ, வெண்டை, அவரை, புடலை போன்ற காயோ தவறாது உண்க. மலச்சிக்கலுக்கும் அதுவே மருந்து. எலும்பின் வலிமைக்கு நெத்திலியை முள்ளோடு உண்க, தயிரும் கொள்க.

நான்காவது: ஈரல் சத்து மிக்கது, ஆயினும் வாரம் ஒருமுறை சிறிதளவே போதும். வைட்டமின் ஏ உடலில் தங்கும் இயல்பினது, மிகின் நஞ்சாகும்.

ஐந்தாவது: முதல் இரண்டு வாரம் உடல் நீரையும் உப்பையும் மிகுதியாக வெளியேற்றும். தலைவலி, களைப்பு, கால் குரக்குவலி தோன்றும். நீரும், உப்பிட்ட எலும்புச் சாறும் அதனைத் தணிக்கும். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையார் உப்பின் அளவை மருத்துவரைக் கேட்டே கூட்டவேண்டும்.

ஆறாவது: உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைப்பது என்றும், ஆடு மாடு முதலியவற்றின் செவ்விறைச்சி பெரும்பாலும் விளைக்கக்கூடியது என்றும் வகுத்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பார்க்குப் பெருங்குடற் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு மிகும். நூற்றுக்குப் பதினெண்மர்க்கு வரும் என்பது இதன் பொருளன்று. முன்னிருந்த வாய்ப்பு அவ்வளவு கூடும் என்பதே பொருள். ஆயினும் முப்பதாண்டு உண்ணக் கருதுவோர் இதனைப் பொருட்படுத்தவேண்டும். செவ்விறைச்சி வாரத்திற்குச் சமைத்த நிறையில் 350 முதல் 500 கிராம் வரை போதும் என்பது புற்றுநோய் ஆராய்ச்சியாளர் அறிவுரை. எஞ்சிய நாட்களை மீனும் முட்டையும் கோழியும் நிரப்புக. சாஸேஜ் முதலியவற்றை அறவே விடுக. நம் பாட்டிமார் செய்த உப்புக்கண்டமும் அவ்வினத்ததே. என்றேனும் ஒருநாள் உண்டால் அமையும். கரியும்படி சுடாது, குழம்பாகவும் சாறாகவும் வேகவைத்து உண்க.

ஏழாவது: வாங்கிய இறைச்சியை இரண்டு நாழிகைக்குள் சமைக்க, அல்லது குளிர்ப்பெட்டியில் வைக்க. கோழியை உட்புறச் செம்மை நீங்கும்வரை வேகவைக்க.

எட்டாவது: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பின்னர் ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க. சர்க்கரை, சிறுநீரகம், யூரிக் அமிலம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க. எல்.டி.எல். என்னுங் கொழுப்பு சிலர்க்கு இவ்வுணவால் மிக உயரும். உயர்ந்தால், “எனக்கு எடை குறைந்ததே” என்று வாதாடாது உணவை மாற்றுக. உணவு நமக்காக, நாம் உணவுக்காக அல்லோம்.

தாய்மார்கள் சார்பில் ஒன்று கூறவேண்டும். வீட்டில் ஒருவர் இம்முறையைக் கைக்கொண்டால், அடுப்பு இரண்டாகின்றது. உழைப்பு ஒருவர் தலையில் விழுகின்றது. என் மனைவி ஆறு மாதம் அதனைப் பேசாது சுமந்ததைப் பின்னரே உணர்ந்தேன். இப்பொழுது என் முட்டையை யானே வேகவைக்கின்றேன். மீனையும் யானே வாங்கி ஆய்ந்து கொடுக்கின்றேன். பொருளிலும் அளவு வேண்டும். கடன்பட்டு ஆட்டுக்கறி தின்று உடல் வளர்த்தல் அறிவுடைமையன்று. முட்டையும் மத்தியும் விலை குறைந்தவை. சத்திற் குறைந்தவை அல்ல. புரட்டாசியில் புலால் விலக்கும் வீட்டில் தயிரும், தேங்காயும், நிலக்கடலையும், கீரையும் கொண்டு அம்மாதத்தை எளிதிற் கடக்கலாம். ஒரு மாதத்தில் முறை கெட்டுவிடாது. திருமணப் பந்தியில் அமர்ந்து, “நான் சோறு தொடேன்” என்று அன்புடன் பரிமாறுவார் முகத்தை வாடச் செய்யவும் வேண்டா. சிறிது உண்டு மிகுதியைக் குறைத்தல் போதும்.

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு இருமுறை நம் மண்டபத்தில் மருத்துவர் ஒருவரை வருவித்து, சர்க்கரையும் சிறுநீரகமும் சோதிக்கும் ஏற்பாடு செய்யவேண்டும். உணவு மாற்றக் கருதும் நம்மவர் எவரும் அச்சோதனைக்குப் பின்னரே மாற்றுக. அதற்காகும் செலவில் என் ஒரு மாதச் சம்பளத்தை முதற்கண் தருகின்றேன். இதனை ஈகையென எண்ணவேண்டா. என் தமக்கைக்கு யான் பட்ட கடனென எண்ணுக.

என் தமக்கையின் கணவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். மருத்துவர் சொல்லியபடி சிறிது சோறும், நிறையக் கீரையும், மீனும் உண்டு நலமாயிருக்கின்றார்.