புள்ளியை ஏற்காத தொகுப்பிகள்



1958இல் கட்டி முடிக்கப்பெற்ற மணிமுத்தாற்று அணையின் நீர்மட்டத்தைக் கணக்கிட இளைஞர் ஒருவர் சி மொழியில் நிரல் எழுதி, நீரளவு தங்கும் இடத்திற்கு 'மணிமுத்தாறு' என்றே பெயர் சூட்டுகின்றார் எனக் கொள்க. மேக் பொறியின் கிளாங்குத் தொகுப்பி அதனை முணுமுணுப்பின்றி ஏற்கும். அந்நிரலையே லினக்சு இயங்குதளத்திற்குக் கொண்டுசென்று குனு தொகுப்பியின் பழம்பதிப்பிடம் ஒப்படைத்தால், 'வழிதவறிய 340', 'வழிதவறிய 256' என அவ்வொரு சொல்லுக்கே 33 பிழைச்செய்திகள் குவியும்.

அஃதென்ன 33? தமிழ்க் கணக்கில் அச்சொல் ஆறெழுத்தே. ஒருங்குறியோ உயிர்மெய்களையும் புள்ளியெழுத்தையும் பிரித்து 11 குறிகளாக்குகின்றது. கோப்பில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாய் நிற்கும். அவற்றுள் முதற்பைட்டே எட்டடி எண்முறையில் 340.

இச்செய்திகளைக் கண்டு மருண்டு, 'தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது' என்று பெயரை உரோமன் எழுத்திற்கு மாற்றிவிடுவோர் பலர். குற்றம் தமிழின்மேல் இல்லை. 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரமே, பெயர்களில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழ்க் குறிகளைப் புள்ளியோடு சேர்த்துள்ளது. அவ்வெழுத்துகளை நேரடியாக எழுதினால் ஏற்கும் ஆற்றலைக் குனு தொகுப்பி பெற்றது 2020இல் வந்த 10ஆம் பதிப்பில்தான். தரம் ஒப்பியதைத் தொகுப்பி ஒப்ப 21 ஆண்டுகள்! ஆகவே திருத்த வேண்டியது பெயரையன்று, தொகுப்பியின் பதிப்பை.

விண்டோசில் நோய் வேறு. மைக்ரோசாப்டுத் தொகுப்பி, கோப்பின் தலையில் அடையாளக்குறி இல்லையெனில், அதனை மேலை எழுத்துமுறையாகக் கருதிப் படித்துவிடக்கூடும். யு.டி.எஃப்-8 எனக் கட்டளையில் அறிவித்தல் போதும்.

இன்னொரு சிக்கல் நுண்ணியது. தாமிரபரணி என வடசொல்லால் வழங்கும் பொருநையின் பெயரையே ஒரு கோப்பிற்கு இட்டால், பழைய மேக் கோப்பமைப்பு 'பொ'வின் ஒகரக்குறியை எகரக்குறியும் துணைக்காலுமாகப் பிளந்து வைக்கும். லினக்சில் அப்படியே படியெடுத்தால், நிரல் ஒற்றைக்குறியில் அழைக்க, கோப்போ இரட்டைக்குறியில் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தொகுப்பியோ 'அப்படியொரு கோப்பே இல்லை' என்று கைவிரிக்கும். இதனைக் கண்டறிய எழுத்தைப் பார்த்துப் பயனில்லை. பைட்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் தீரும் நோய்கள். தீராதது கூகுளின் கோ மொழியில் உள்ளது. பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடுமே வரலாம் என்பது அதன் இலக்கணம். ஒருங்குறியின் பாகுபாட்டில் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'எழுத்து' அல்ல! எனவே 'பல' என்றால் ஏற்கும். 'பால்' என்றால் மறுக்கும். 'மணிமுத்தாறு' இரண்டாம் எழுத்தின் இகரக்குறியிலேயே இடறி நின்றுவிடும். மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்த எழுத்து முறையை, ஒரு தொகுப்பி பிழையென்று அச்சிடுகின்றது. பைத்தான் மொழி 2008இல் தன் மூன்றாம் பதிப்பிலேயே இவற்றை ஏற்றுக்கொண்டதால், இயலாமை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. கோ மொழியின் விதியை மாற்றக் கோரும் முறையீடு 2017இலேயே எழுந்தது. நிரலறிந்த தமிழிளைஞர், இச்சொற்களையே சான்றாகக் காட்டி, அங்குத் தம் குரலைப் பதிதல் வேண்டும்.