மெத்தென்றிருந்தால் போதுமா?



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வருகிறார் என்றால், பரீட்சையைப் பற்றியோ பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ மோட்டார் சைக்கிளின் ஆசனத்தைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். கலைப்பட்டதாரியான எனக்கு யந்திர சாஸ்திரம் தெரியாது. ஆயினும் 30 ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்து பழகியவன் என்ற உரிமையும், ஆசனத் தெரிவிலே ஒருமுறை பெருந்தவறு செய்து அதன் பலனை அனுபவித்தவன் என்ற உரிமையும் எனக்கு உண்டு.

எனது ஊர் சவளக்கடை. கல்முனைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர். கல்முனைக்குப் போவதென்றால் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். மாரி காலத்தில் அந்தத் தாம்போதியின் மேலே வெள்ளம் பாயும் செய்தியை ஆண்டுதோறும் நீங்கள் இதே வானொலியிலே கேட்டிருப்பீர்கள். எங்கள் பகுதியிலே மோட்டார் சைக்கிள் என்பது உல்லாசப் பொருளன்று. உர மூடையும் அதிலே வரும். பாடசாலைப் பிள்ளையும் அதிலே வரும். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட குடும்பமும் அதிலேதான் வரும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025ஆம் ஆண்டிலேதான். இடையிலே 2022ஆம் ஆண்டில், கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலை அளந்து வாங்கிய காலத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய வண்டி வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளையே பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினோம். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினோம், சங்கிலியை மாற்றினோம், டயரை மாற்றினோம். ஆசனத்தை மாத்திரம் கவனித்தவர் சிலரே. மேலுறை கிழிந்தால் ஒரு பொலித்தீன் பையை இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டுவதே எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

எனது மூத்த மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது நிலைமை மாறிற்று. சவளக்கடையிலிருந்து அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போவதென்றால் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். மகளைப் பார்த்துவர நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்தோம். அதற்கு முன்னோடியாக ஆசனத்தை மாற்ற ஒரு குஷன் கடைக்குப் போனேன். அங்கே பல தினுசான ஆசனங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், சந்தையிலே மாம்பழம் பார்ப்பது போல. எது அதிகம் அமுங்கிற்றோ அதுவே நல்லதென்று தீர்மானித்து, "இன்னும் கொஞ்சம் மெதுவாக வேண்டும்" என்று சொல்லி, அதன் மேலே மேலும் ஓர் அங்குல ஸ்பொஞ்ச் வைக்கச் செய்தேன். கடைக்காரர் நான் கேட்டதைத்தான் செய்து தந்தார், அவர்மேல் குறையில்லை.

முதல் ஒரு மணி நேரம் மன்னர் சிங்காசனத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. மகாஓயாவைத் தாண்டியபோது ஸ்பொஞ்ச் முற்றாக அமுங்கி, அடித்தகட்டின் மேலே எலும்பு நேரே இருப்பது போலாயிற்று. அகலமாக வைத்துத் தைத்திருந்த முன்விளிம்பு தொடையின் உட்புறத்தை அழுத்தியது. அன்று எப்படியோ போய்ச் சேர்ந்தோம். விபரீதம் திரும்பி வரும்போது நேர்ந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கும் ஹசலக்கவுக்கும் இடையே பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கம் உண்டல்லவா? அந்த இறக்கத்திலே, வழுவழுப்பான றெக்சீன் உறையின் மேலே ஒருபுறமாகக் கால் போட்டு அமர்ந்திருந்த என் மனைவி, சறுக்கிச் சறுக்கி என் முதுகோடு வந்து சேர்ந்தார். நானோ பெற்றோல் தாங்கியோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு வளைவிலே எதிரே வந்த பஸ்வண்டிக்கு வழிவிட நிறுத்தி இடது காலை ஊன்றினேன். கால் மரத்துப் போயிருந்தது. நிலம் இருக்கிறதா இல்லையா என்பதே காலுக்குத் தெரியவில்லை. வண்டி சரிந்தது, இருவரும் விழுந்தோம். எனக்குக் கீறல்களோடு போயிற்று. மனைவிக்கு மணிக்கட்டு எலும்பிலே வெடிப்பு. ஆறு கிழமை கையைக் கட்டுப்போட்டு வைத்திருந்தார். அதற்குப் பின்னர் மகளைப் பார்க்கப் போகும் பேச்செடுத்தால், "நீங்க போய்ட்டு வாங்க" என்று மாத்திரம் சொல்வார். தாய் மகளைப் போய்ப் பார்க்காமலிருப்பதற்கு நான் வாங்கிய மெத்தை காரணமாயிற்றே என்ற வருத்தம் என்னை விடவில்லை. அதன் பின்னரே இந்த விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினேன்.

நாம் அமரும்போது உடம்பின் பாரத்தை முதலிலே தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். கடினமான வாங்கிலே கையை அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்து பார்த்தால் அவை இரண்டும் உங்கள் விரல்களுக்குத் தட்டுப்படும். அந்த இரண்டு முனைகளையும், அவற்றைச் சுற்றியுள்ள தசையையும் பரந்த ஒரு பரப்பினால் தாங்குவதே ஆசனத்தின் கடமை. மிக மெதுவான ஸ்பொஞ்சிலே இந்த முனைகள் புதைந்து இறங்குகின்றன. புதைந்து அடித்தகட்டை எட்டியபின் பாரம் முழுவதும் இரண்டு சிறு புள்ளிகளில் விழுகிறது. பக்கத்திலே பிதுங்கி எழும்பும் ஸ்பொஞ்ச், பாரம் தாங்கக் கூடாத மென்மையான இடங்களை அழுத்துகிறது. அங்கே நரம்பும் இரத்தக் குழாயும் நெரிபடுகின்றன. மரத்துப் போவது இதனால்தான். சற்றே உறுதியான, அகன்ற ஆசனம் முதல் ஐந்து நிமிடம் கடினமாகத் தோன்றும்; மூன்றாவது மணி நேரத்திலேதான் அதன் அருமை தெரியும். கடையிலே நாம் அமர்ந்து பார்ப்பது அந்த முதல் ஐந்து நிமிடம் மாத்திரமே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அமெரிக்காவிலே நெடுந்தூரம் ஓட்டுவோர் சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயரை மரியாதை கருதி 'இரும்பு ஆசனத்தார் சங்கம்' என்று மொழிபெயர்த்துச் சொல்கிறேன். உள்ளபடி சொன்னால் என் மாணவர்கள் நாளைக்குச் சிரிப்பார்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் ஓடியவர்களே அதில் அங்கத்தவராகலாம். எங்கள் வீதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை, பொத்துவில், கல்முனை ஊடாக மட்டக்களப்பு வரை செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையின் முழு நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். இத்தகைய நெடுந்தூர ஓட்டுநர் பலர் வண்டியோடு வந்த ஆசனத்தைக் கழற்றிவிட்டுத் தம் உடம்புக்கென்று வேறாசனம் செய்வித்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவிலுள்ள கோர்பின் நிறுவனம் இந்தத் தொழிலிலே பேர்போனது. அதன் ஆசனங்களைப் புதிதாய் வாங்குவோர் முதலில் சொல்வது, "இதென்ன, பலகை போல இருக்கிறதே!" என்பதுதான்.

ஆசனத்தின் சரித்திரமும் சுவையானதே. 1866ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் தோல் வியாபாரம் தொடங்கிய புரூக்ஸ் என்பவர், துவிச்சக்கர வண்டியில் ஏறி மரத்தாசனத்தின் துன்பத்தை அனுபவித்த பின்னரே தோலாசனம் செய்ய முற்பட்டார் என்பர். 1882ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த இழுத்துக் கட்டிய தோல், நாளடைவில் அமர்பவரின் உடம்புக்கேற்ப வளைந்து கொடுத்தது. பழைய மோட்டார் சைக்கிள்களிலும் சுருள்வில்லின் மேலே வைத்த தனித் தோலாசனம்தான். பின்சில்லுக்கும் சுருள்வில் அதிர்வுதாங்கி பூட்டும் வழக்கம் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு பரவியதும், வில்வைத்த ஆசனம் மறைந்து, இருவர் அமரும் நீண்ட மெத்தை வந்தது.

அந்த மெத்தைக்குள்ளே முதலில் இருந்தது நுரை றப்பர். 1929ஆம் ஆண்டிலே டன்லொப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் றப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல அடித்து நுரைக்கச் செய்து அதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நமக்கு ஒரு சிறிய பெருமை உண்டு. பிறேசில் நாட்டு வித்துகளிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்திலே நடப்பட்டன. இன்று பெரும்பாலான ஆசனங்களின் உள்ளே இருப்பது றப்பர் அன்று. 1937ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே ஒட்டோ பேயர் என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த பொலியுரித்தேன் வகையைச் சேர்ந்த ஸ்பொஞ்ச்.

இந்த ஸ்பொஞ்சை வாங்குவோர் ஒரு விஷயத்திலே மயங்குகிறார்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கனமீற்றர் ஸ்பொஞ்சின் நிறை. அது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அதுவே பெரிதும் சாட்சி. கடினம் என்பது அழுத்தும்போது அது எதிர்த்து நிற்கும் பலம். அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்சையும் கடினமாகச் செய்யலாம். அது கடையிலே உறுதியாகத் தோன்றி, ஆறு மாதத்தில் பள்ளம் விழுந்துவிடும். ஆகவே கையிலே தூக்கிப் பார்த்துப் பாரமானதைக் கேளுங்கள். வெட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலவர்ண ஸ்பொஞ்ச் அடியிலே போடுவதற்கு நல்லது. மேலே ஓர் அங்குல அளவுக்குச் சற்று மெதுவானதைப் போட்டால் போதும். இப்போது ஜெல் என்ற களிமெத்தையும் விற்கிறார்கள். அது பாரத்தைப் பரப்பும் என்பது மெய்யே. ஆனால் நமது பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்த வண்டியிலே ஏறியமர்ந்தால், அது வாங்கி வைத்த வெப்பம் முழுவதையும் உங்களுக்கே திருப்பித் தரும். சக்கர நாற்காலியில் நெடுநேரம் இருப்போருக்குப் புண் வராதிருக்க உருவான காற்றறை மெத்தையும் மோட்டார் சைக்கிளுக்கு வந்திருக்கிறது. காற்றை மிகக் குறைவாக அடிப்பதே அதன் இரகசியம். பலூன் போல ஊதி வைத்தால் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னர், குறை ஆசனத்திலேதானா என்று பாருங்கள். ஷொக் அப்சோபரின் எண்ணெய் கசிந்திருந்தாலோ, டயரிலே காற்று மிதமிஞ்சி இருந்தாலோ, எந்த மெத்தையாலும் முதுகைக் காப்பாற்ற முடியாது.

எனது இரண்டாவது ஆசனத்தைச் செய்து தந்தவர் நெடுங்காலம் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு மேசன். அவர் பெருவிரலால் ஒன்றையும் அழுத்திப் பார்க்கவில்லை. "சேர், வண்டியிலே ஏறி இருங்க. வீட்டுக்காரரும் வந்திருந்தா நல்லம்" என்றார். அடுத்த நாள் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அவர் விருப்பத்தோடு வரவில்லை. மேசன் பழைய உறையைக் கழற்றிவிட்டு, புதிய ஸ்பொஞ்சை அளவாக வைத்து, உறை போடாமலே எங்கள் இருவரையும் அமரச் செய்தார். அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். அவர் தேநீர் தருவித்தார். பின்னர் எங்கே அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு வெண்கட்டியால் கோடு போட்டு, அலவாங்கு போலிருந்த நீண்ட கத்தியால் அவ்விடத்தைச் செதுக்கினார். தொடை பட்ட முன்பகுதியை ஒடுக்கினார். எனது இரண்டு கால்களும் நிலத்தில் நன்றாக ஊன்றும் வரை ஒடுக்கினார். பின்பகுதியை அகலமாக விட்டார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு வியப்பாயிருந்தது. கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகையை எடுத்து ஆசனத்தின் சரிவைப் பார்த்தார். அதுவும் நாங்கள் இருவரும் அமர்ந்திருக்கும்போதே பார்த்தார். இருவர் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழும். வெறும் வண்டியிலே மட்டமாகத் தெரிவது, ஆளேறிய பின்னர் மட்டமாக இராது. முன்னே சரிந்த ஆசனம் தாங்கியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகளை ஊன்றி ஊன்றி மணிக்கட்டும் தோளும் நோகும். நான் முதுகுவலி என்று எண்ணியிருந்ததில் பாதி இதுவே.

பின்னால் இருப்பவரை யாரும் கேட்பதில்லை என்பது என் பெரிய குறை. இப்போதைய வண்டிகள் பலவற்றில் பின்னாசனம் உயர்ந்து, ஒடுங்கி, பந்தய வண்டி போல அழகாயிருக்கிறது. ஒருபுறமாக அமரும் நமது பெண்களுக்கு அதிலே பாதி இடமும் இல்லை. மேசன் என் மனைவியிடம் நேரே கேட்டார். அவர் முதலில் தயங்கி, பின்னர், "இறக்கத்தில முன்னுக்கு வழுக்காம இருக்கணும், பிடிக்க ஒரு பிடி வேணும், கால் வைக்கிற தகடு அகலமா இருக்கணும்" என்று மூன்று காரியம் சொன்னார். மூன்றும் ஆசனத்தின் மெதுமையைப் பற்றியன அல்ல என்பதைக் கவனியுங்கள். மேசன் நடுவிலே ஒரு சிறிய மேடு வைத்து, வழுக்காத சொரசொரப்பான றெக்சீன் போட்டு, பக்கத்திலே இரும்புப் பிடியும் பூட்டித் தந்தார்.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். றெக்சீன் நீரை விடாது. தையலின் ஊசித்துளை விடும். ஒருமுறை நனைந்த ஸ்பொஞ்ச் பல நாள் ஈரத்தை வைத்துக்கொண்டு, அமரும்போதெல்லாம் ஆடையை நனைக்கும். ஆகவே அமரும் இடத்தின் நடுவே தையல் வரக்கூடாது, ஓரமாக வரவேண்டும். உறைக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையே ஒரு பொலித்தீன் தாள் விரிக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்துக்கு மேலே போடும் தடித்த வலையுறை நல்லது. காற்றும் ஓடும், வியர்வையும் தங்காது. வீதியோரத்திலேயே கிடைக்கிறது. அதன் நாடாக்களை இறுக்கிக் கட்டவேண்டும். தளர்ந்த உறை வளைவிலே ஆளோடு சேர்ந்து நகரும்.

சென்ற ஆண்டு மீண்டும் பேராதனைக்குப் புறப்பட்டோம். மனைவி அம்பாறை வரை வந்து பார்ப்பதாகவும், முடியாவிட்டால் அங்கிருந்து பஸ்ஸில் திரும்புவதாகவும் நிபந்தனை போட்டார். அம்பாறையில் இறங்கிக் காலை நீட்டினோம். மகாஓயாவிலும் இறங்கினோம், எத்தனை நல்ல ஆசனமானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்குவது என்று இப்போது வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறோம். மஹியங்கனையிலே தேநீர் குடிக்கும்போது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "எந்த பஸ்?" என்றார். திரும்பும்போது பதினெட்டு வளைவின் உச்சியிலே நிறுத்தி, காலை ஊன்றிப் பார்த்தேன். கால் நிலத்தை உணர்ந்தது. அவர் பின்னாலிருந்த இரும்புப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா இறக்குங்க" என்றார்.