ஒயின் சட்டமும் குடியானவர் சங்கமும்
(பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்தது)



சட்டம் என்ற மாத்திரத்தில் கிராமவாசிகளுக்கு நினைவு வருவன வரியும் அபராதமுமே. தங்கள் சரக்கின்மீது சட்டம் வேண்டுமென்று அதை விளைவிப்போரே வீதியிலே திரண்டு கேட்டார்களென்றால் நம்புவது அரிது. பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில் ஒயின் என்னும் திராக்ஷை மதுவை உண்டாக்கிய குடியானவர்கள் 1907-ம் ஆண்டில் அவ்விதமே கேட்டனர். மது அருந்துதல் தகுமா தகாதா என்பது வேறு விஷயம். ஒரு விளைபொருளின் பெயருக்குக் காவல் இல்லாதபோது அதை விளைவிப்பவன் கதி யாதாகும் என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது.

1860-ம் ஆண்டுகளில் பில்லாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸ் தேசத்துக் கொடிகளின் வேரைத் தாக்கிற்று. தோட்டங்கள் அழிந்து ஒயினுக்குப் பஞ்சம் உண்டாயிற்று. அச்சமயம் உலர்ந்த திராக்ஷையைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து ஒயின் என்று விற்றவர் பலர். பழத்தைப் பிழிந்தபின் எஞ்சிய சக்கையிலே சர்க்கரையும் தண்ணீரும் வார்த்து, மறுபடியும் மது இறக்கினோரும் உண்டு. பின்னர், அமெரிக்கக் கொடியின் வேரிலே உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் தழைத்தன. ஆயினும் பஞ்சத்தில் பழகிய வியாபாரம் நிற்கவில்லை.

புதுத் திராக்ஷைப்பழம் புளித்து உண்டாவதையன்றி வேறெதையும் ஒயின் என்ற பெயரால் விற்கலாகாதென்று 1889-லேயே சட்டம் பிறந்தது. 1905-ல் பொதுவான கலப்படத் தடைச் சட்டமும் வந்தது. இவற்றினிடையே 1903-ல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டமை, வாயிற்கதவைத் தாழிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துவிட்டது போலாயிற்று. விலை வீழ்ந்தது, குடியானவர் கடனில் ஆழ்ந்தனர்.

1907 மார்ச்சு 11-ந் தேதி ஆர்ஷெலியே என்னும் சிற்றூரிலிருந்து மார்ஸெலேன் ஆல்பேர் என்பவர் 87 குடியானவருடன் நார்போன் நகருக்கு நடந்து சென்று, பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டியினிடம் முறையிட்டார். ஜூன் 9-ந் தேதி மோன்பெலியே நகரில் கூடியோர் ஐந்து இலட்சத்துக்குக் குறையார் என்பர். முதன் மந்திரி க்ளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார். நார்போனில் ஜூன் 19, 20 தேதிகளில் ஆறு பேர் சுடப்பட்டு மாண்டனர். அப்பிரதேசத்து வாலிபர்களே நிறைந்த 17-வது காலாட்படையில் சுமார் 500 சிப்பாய்கள் மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தனர்.

ஜூன் 29-ந் தேதி புதிய சட்டம் நிறைவேறிற்று. இதன் ஷரத்துக்களைச் சங்க அங்கத்தினர்கள் சற்று ஊன்றிப் பார்ப்பது நலம். ஒயின் உண்டாக்கும் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தின் விஸ்தீரணம், இறக்கிய ஒயினின் அளவு, பழைய இருப்பு ஆகியவற்றை ஊர் நிர்வாக அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த ஜாபிதா பெயர்வாரியாக அலுவலக வாசலிலே ஒட்டப்படும். ஒருவன் தோட்டம் எவ்வளவு என்பது அண்டை அயலார் அறியாததன்று. நூறு பீப்பாய் இறக்கியவன் இருநூறு பீப்பாய் விற்றால், அவனைக் கண்டுபிடிக்கத் துப்பறிவோர் எதற்கு? பழச்சாற்றில் சேர்க்கும் சர்க்கரைக்கு 100 கிலோகிராமுக்கு 40 பிராங்கு மேல்வரி விதிக்கப்பட்டது. 25 கிலோகிராமுக்கு மேற்பட்ட அளவில் சர்க்கரை விற்க எண்ணிய வியாபாரியும் அதனை முன்னரே தெரிவிக்கக் கடமைப்பட்டான். கணக்கு எழுதுவது நேர்மையுள்ள குடியானவனுக்கும் தொல்லையே; ஆனால் அத்தொல்லையை ஏற்றாலன்றி அவன் சரக்கையும் பொய்ச் சரக்கையும் பிரித்தறிய வழியில்லை.

மற்றொரு ஷரத்து இவற்றினும் பெரிது. கலப்பட வழக்குகளில் விவசாயச் சங்கங்களும் பாதிக்கப்பட்ட கட்சியாக நீதிஸ்தலத்தில் நிற்க உரிமை பெற்றன. தனி ஒருவன் செல்வமிக்க வியாபாரிமீது வழக்காடுவது எங்ஙனம்? அவ்வாண்டு செப்டம்பரிலேயே தென்பகுதிக் குடியானவர்கள் ஒரு மகா சங்கம் அமைத்தனர். நார்போன் நகரத் தலைவர் பெரூல் அதற்குத் தலைமை வகித்தார். சங்கம் தன் செலவிலேயே ஆட்களை நியமித்துக் கலப்படத்தைக் கண்காணித்து, குற்றவாளிகளை நீதிஸ்தலத்துக்கு இழுத்தது.

மரோஸான் கிராமத்தாரோ இதற்கு முன்னரே, 1901-ல், ஐக்கிய விற்பனைச் சங்கம் கண்டவர்கள். அவர்கள் பாரிஸ் நகரத் தொழிலாளர்களின் பண்டகசாலைச் சங்கங்களுக்குத் தரகரின்றியே ஒயின் அனுப்பினர். 1905-ல் பொது ஒயின் சாலையும் கட்டினர்.

குடியானவர் கூறியதனைத்தும் சரியென்று கொள்வதற்கில்லை. விலை வீழ்ச்சிக்குக் கலப்படமே முழுக்காரணம் என்றனர். சமவெளித் தோட்டங்களில் அளவு மிகுதியையே நாடி விளைவித்த தங்கள் பங்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதனை 1931-ம் ஆண்டுச் சட்டம் பேசிற்று. பெருந்தோட்டக்காரர் புதுக்கொடி நடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய விளைச்சலுக்கு வரியும் ஏற்பட்டது. மிகுதியான ஒயினில் ஒரு பகுதியைச் சாராயமாக வடித்துவிட வேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. 1907-ல் சட்டம் கேட்டவர்களில் பலர் இம்முறை அதனை வரவேற்கவில்லை.