கழுநீரும் கண்காணாக் கதிரும்

அரிசி களையும் பெண் அரிசியை உற்று நோக்குவதில்லை, நீரையே நோக்குகிறாள். முதல் நீர் பால்போல் வெளுத்திருக்கும். அதனை வடித்து மறுநீர் ஊற்றிப் பிசைந்தால் கலங்கல் குறையும். மூன்றாம் நீர் தெளிந்தால், களைந்தது போதும் என்று அரிசியை உலையில் இடுகிறாள். வெளியேறும் நீரே அவளுக்குச் சாட்சி. நேயர்களே, சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியைப் பொறியினால் தூய்மை செய்யும் வைத்தியசாலைகளுக்கும் இந்த அடுக்களை உபாயம் ஒரு நுண்ணிய விஞ்ஞான முறையாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே வடியும் நீர் தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே தெளிவாய்த் தோன்றும். அதன் கலங்கலைக் காண வேறொரு கண் வேண்டும்.

டயாலிசிஸ் எனப்படும் இச்சிகிச்சையில் நோயாளியின் குருதி, நுண்ணிய துளைகள் உள்ள சுவர்களையுடைய ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களினூடே செலுத்தப்படுகிறது. அக்குழாய்களுக்கு வெளியே, உப்புகள் அளவாய்க் கலந்த நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. குருதியிலுள்ள சிறிய கழிவுப் பொருள்கள் துளைகளின் வழியே நீருக்குள் நழுவுகின்றன; பெரிய குருதிக் கலங்களும் புரதங்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் என்ற அளவில் அந்த நீர் ஓடுமாயின், 4 மணி நேரத்தில் 120 லீற்றர் சேரும். அவ்வளவும் வாய்க்காலுக்கே போகிறது.

இப்பொறியின் பிறப்பும் எளியதே. 1943ஆம் ஆண்டில், ஜேர்மானியரின் ஆட்சிக்குள் அகப்பட்டிருந்த ஒல்லாந்து தேசத்தின் காம்பன் நகரில், வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர், இறைச்சிப் பண்டத்துக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை ஓர் உருளையிற் சுற்றி, அதனை உப்புநீர்த் தொட்டியிற் சுழலவிட்டார். முதலிற் சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், உணர்விழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணி ஒருவர் கண்விழித்தார். பின்னர் 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்பார், குருதிக் குழாய்களில் நிலையாகப் பொருத்தி வைக்கக்கூடிய ஓர் இணைப்பைச் செய்தமையால், ஒரே நோயாளிக்கு இச்சிகிச்சையை ஆண்டுக் கணக்கில் மீண்டும் மீண்டும் அளித்தல் இயல்வதாயிற்று.

உயிர் காப்பாற்றப்பட்டது. அதன்பின் எழுந்த வினா: எவ்வளவு சுத்திகரித்தாற் போதும்?

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்பது பல நாடுகளில் வழக்கம். இலங்கையிலும் இதனை அறிந்த குடும்பங்கள் பல. 1990ஆம் ஆண்டுகளிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே, காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாய்க் காணப்பட்டு வருகிறது. நோய் முற்றியவருக்கு இக்கதிரையே வாழ்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதில் நான்கு மணி நேரம் அமர்ந்தவர், தம் உடல் தூய்மை பெற்றது என்று நம்பியே வீடு திரும்புகிறார். ஆனால் அமர்ந்த நேரமும் அடைந்த தூய்மையும் எப்பொழுதும் ஒன்றல்ல. ஊசி சற்று விலகியிருக்கலாம். மெல்லிய குழாய்களுட் சிலவற்றில் குருதி உறைந்திருக்கலாம். இரத்த அழுத்தம் தாழ்ந்தமையால் தாதி பம்பின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். சுத்தமான குருதியே மறுபடியும் பொறிக்குள் சுழன்று வந்திருத்தலும் கூடும். இவற்றால் நோயாளிக்கு அன்றே வலி தோன்றுவதில்லை. பசி மந்தித்தல், குமட்டல், களைப்பு ஆகியன வாரங்கள் கழிந்தே தலைகாட்டும்.

இதனை அளப்பதற்கு வைத்தியர்கள் யூரியாவை எடுத்துக்கொண்டனர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குருதி எடுத்து, யூரியா எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பர். 1985இல் கோச், சார்ஜன்ற் என்னும் இருவர் இதிலிருந்து ஓர் எண்ணை வகுத்து வழங்கினர். சுத்தமாக்கப்பட்ட திரவத்தின் அளவை உடலிலுள்ள நீரின் அளவால் வகுத்தால் வருவதே அவ்வெண். ஒருவருடைய உடலில் 40 லீற்றர் நீர் உண்டு என்று கொள்வோம். 48 லீற்றர் சுத்தமாக்கப்பட்டால் எண் 1.2 ஆகும். வாரம் மும்முறை சிகிச்சை பெறுவோர்க்கு இதற்குக் குறையலாகாது, 1.4ஐ இலக்காகக் கொள்ளல் நன்று என்பது வைத்தியர் கொள்கை.

எண் நல்லதுதான், அதனைப் பெறும் வழியிலேதான் இடர்ப்பாடு. குருதிப் பரிசோதனை பெரும்பாலும் மாதம் ஒருமுறையே நிகழும். வாரம் மூன்றாயின் மாதத்திற் பன்னிரண்டு பதின்மூன்று சிகிச்சைகள்; அவற்றுள் ஒன்றுக்கே சாட்சி உண்டு. அந்த ஒன்றிலும், சிகிச்சை முடிந்தவுடன் பம்பை முறைப்படி தளர்த்தாமற் குருதி எடுத்தால், சுத்தமான குருதி கலந்து பொய்யான நற்பேறு காட்டும். நெடுநேரம் தாமதித்தாலோ, உடலின் உட்பகுதிகளில் தங்கிய யூரியா குருதிக்குள் ஊறி வந்துவிடும். மாணவனை ஆண்டு முழுவதும் வகுப்பிற் கவனியாது, ஒரே நாட் பரீட்சையை மட்டும் நம்பும் ஆசிரியரின் நிலையே இது.

இவ்விடத்திலேதான் வாய்க்காலுக்குப் போகும் நீரின்மேல் விஞ்ஞானிகளின் கவனம் சென்றது. 1801ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஜேனா நகரில் ரிற்றர் என்ற அறிஞர், ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுப்பதைக் கண்டார். அந்தக் கண்காணாக் கதிரே கழியூதாக் கதிர். புற ஊதா என்றும் சொல்வர். கண்ணுக்குத் தெளிந்த நீர் இக்கதிருக்குத் தெளிந்ததன்று. குருதியிலிருந்து வந்த கழிவுகள், சிறப்பாக யூரிக்கமிலம், 290 நானோமீற்றர் அலைநீளத்தை அண்டிய கதிரை வலிதாக உறிஞ்சும். கழிவு மிகுந்தால் மறுபுறம் வந்து சேரும் கதிர் குறையும். கழிவு குறைந்தால் கதிர் மிகும்.

சுவீடன் நாட்டின் லிஞ்சோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஈவோ பிரிடொலின், மக்னுசன், லிண்ட்பெர்க் ஆகியோர், வெளியேறும் நீர்க் குழாயிலேயே இக்கதிரைத் தொடர்ந்து செலுத்தி அளக்கும் முறையை 2002இல் வெளியிட்டனர். பிரிடொலின் பின்னர் எஸ்தோனியாவின் தலிந் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வை வளர்த்தார். இன்று ஜேர்மனியிலும் யப்பானிலும் செய்யப்படும் சில பொறிகளில் இத்தகைய ஒளியுணர்வி உள்ளடங்கியே வருகிறது. குழாயின் ஒரு பக்கம் சிறு விளக்கு, மறுபக்கம் கதிரை உணரும் கருவி, அவ்வளவே. குருதியைத் தொடுவதில்லை, ஊசி குத்துவதில்லை, இரசாயனப் பொருள் எதுவும் செலவாவதில்லை.

திரையில் ஒரு வளைகோடு தோன்றும். தொடக்கத்தில் உயர்ந்து நின்று, பின் மெல்ல மெல்லத் தாழும். அது தாழும் வீதத்தைக் கொண்டு, மேலே கூறிய எண் கணிக்கப்படுகிறது. கணிதத்தில் மடக்கை பயின்றோர் இதன் சூட்சுமத்தை எளிதில் உணர்வர்: உறிஞ்சலின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் கோடு ஏறக்குறைய நேராகும், அதன் சரிவே வேண்டிய செய்தி.

இங்கே ஒரு பொறி உண்டு. நீர் தெளிவதற்கு இரண்டு காரணங்கள் இருத்தல் கூடும். அரிசி நன்கு களையப்பட்டாலும் நீர் தெளியும். பிசையாமலே நீரை ஊற்றி வடித்தாலும் தெளியும்! குருதி தூய்மையடைந்தாலும் கழிவு வருவது குறையும். வடிகட்டி அடைபட்டாலும் குறையும். ஆகவே ஒரு கணத்தின் அளவை மட்டும் கண்டு மகிழ்தல் பேதைமை. கோட்டின் வடிவமே உண்மையைச் சொல்லும். படிப்படியாய்ச் சரியும் கோடு நலத்தின் அறிகுறி. ஒரே கணத்திற் படியிறங்கினாற்போல் வீழ்ந்து, அதன்பின் சோம்பிச் செல்லும் கோடு, குருதியிற் கழிவு தங்கியிருக்க வடிகட்டுதல் மட்டும் தளர்ந்தது என்பதைக் காட்டும். இரண்டாம் மணி நேரத்தில் அப்படி ஒரு வீழ்ச்சியைக் காணும் தாதி, ஊசியைச் சரிபார்க்கலாம், உறைந்த வடிகட்டியை மாற்றலாம், வேண்டுமாயின் வைத்தியரிடம் கூறி நேரத்தை நீட்டலாம். மாத முடிவில் வரும் பரிசோதனைத் தாளால் இது கைகூடாது; அந்த நோயாளி அதற்குள் பல முறை வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

குறைகளையும் மறைத்தலாகாது. யூரியா இக்கதிரை உறிஞ்சுவதேயில்லை. யூரிக்கமிலம் முதலிய பிற சிறு கழிவுகளும் யூரியாவும் ஏறக்குறைய ஒரே நடையில் வெளியேறுகின்றன என்ற உறவை நம்பியே கணக்கு நடக்கிறது. பரசிற்றமோல் போன்ற மருந்துகளும் கதிரைச் சிறிது உறிஞ்சக்கூடும். புரதத்தைப் பற்றிக்கொண்டு எளிதில் வெளியேறாத நச்சுப் பொருள்களுக்கும், உருவிற் பெரிய மூலக்கூறுகளுக்கும் இந்த ஒரு கோடு பொறுப்பேற்காது. இக்காரணங்களால் குருதிப் பரிசோதனை கைவிடப்படவில்லை. ஒளியின் கணிப்பை ஒப்புநோக்கும் உரைகல்லாக அது நிலைத்திருக்கிறது.

தலிந் ஆய்வாளர் இப்பொழுது வேறொரு தடத்திலும் நடக்கின்றனர். சில பொருள்கள் கதிரை உறிஞ்சுவதோடு அமையாது, வேறொரு நிறத்தில் தாமே ஒளிர்கின்றன. புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இண்டொக்சில் சல்பேற்று என்னும் நச்சும் அவ்வாறு ஒளிர்வதே. அந்த மங்கிய ஒளியை ஓடும் நீரிலேயே பிடித்து, இந்நச்சு வெளியேறும் அளவையும் அந்தந்தச் சிகிச்சையின்போதே அறிந்துகொள்ள அவர்கள் முயல்கின்றனர்.