பனிக்கட்டிப் பொறி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பனிக்கட்டி நம் சமவெளி நாட்டில் விளைகின்ற பொருள் அன்று. முதன்முதலில் அது கப்பலேறித்தான் வந்தது. 1833-ஆம் ஆண்டில் பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 180 டன் பனிக்கட்டியை 'டஸ்கனி' என்ற கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக ஏறத்தாழ 100 டன் வந்து சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் சென்னைக் கடற்கரையிலும் அவருக்கு ஒரு கிடங்கு எழும்பிற்று. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பஸ்காரர்கள் கூவுகிறார்களே, அந்த இடந்தான். 1870-களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கப்பல் வாணிபம் படுத்துவிட்டது. கிடங்கை மட்டும் யாரும் இடித்துத் தள்ளவில்லை. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதனை வாங்கிச் செப்பனிட்டு வாழும் வீடாக்கிக்கொண்டார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்ற கேள்வி பனிக்கட்டியோடு கூடவே நம் ஊருக்கு வந்தது என்று சொல்லலாம்.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேசப்போவது அவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி அன்று. மேசைமேல் வைக்கத்தக்க ஒரு சிறு பனிக்கட்டிப் பொறியைப் பற்றியது.

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியில் என் தமக்கையார் வாழ்கிறார். கணவரை இழந்தவர். வீட்டுத் திண்ணையிலேயே நன்னாரி சர்பத்தும் பழச்சாறும் விற்றுக் குடும்பத்தை நடத்துகிறார். மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு சிறு பொறிதான் அந்தக் கடைக்கு உயிர். சென்ற சித்திரையில், வெயில் உச்சத்திலிருக்கும்போது, அது நின்றுவிட்டது. அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் சேரவேண்டிய ஆண்டு. கட்டணத்துக்கென்று அஞ்சலகத்தில் போட்டுவைத்த தொகையில் கைவைத்தால் ஒழிய ரூ.9,000 கொடுத்துப் புதிது வாங்க இயலாது.

"தம்பி, பழசைக் கட்டிக்கொண்டு மாரடிக்காமல் புதிதே வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

"முதலில் அதற்கு என்ன நோய் என்று பார்ப்போம், அக்கா" என்றேன்.

நோயை அறிய உடற்கூறு தெரியவேண்டும். இத்தகைய பொறியின் அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு சிறு பம்பு அந்நீரை மேலேயுள்ள தட்டுக்கு ஏற்றுகிறது. தட்டில் விரல்களைப்போன்ற உலோகக் குழல்கள் தோய்ந்து நிற்கின்றன. குளிரூட்டும் திரவம் அவ்விரல்களுக்குள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், விரலைச் சுற்றித் தோட்டா வடிவில் பனி உறைகிறது. சில நிமிடம் கழிந்ததும் ஒரு வால்வு திறந்து, சூடான வாயுவை அதே விரல்களுக்குள் திருப்பி விடுகிறது. பனித்தோட்டாக்கள் நழுவிக் கூடையில் விழுகின்றன. ஆவியான வாயுவை அமுக்கி மறுபடி ஓட்டுவது கம்ப்ரஸர். அதன் வெப்பத்தை வெளியே தள்ளுவது பின்புறத்துச் சுருள்குழாயும் விசிறியும்.

எவ்வளவு வெப்பம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கொணர 30 கிலோ கலோரி. உறையவைக்க மேலும் 80. பத்துக் கிலோவுக்கு 1,100 கிலோ கலோரி ஆகிறது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக, ஒன்றேகால் யூனிட்டுக்கும் சற்று மேற்பட்ட வெப்பத்தை அந்தச் சிறு பெட்டி நீரிலிருந்து பிரித்து அறைக்குள் கொட்டவேண்டும். சுவரோடு ஒட்டிவைத்தால், அல்லது சுருள்குழாயில் தூசி படிந்தால், கொட்ட இடமின்றித் திணறும். பழுதென்று தூக்கியெறியப்படும் பொறிகளிற் சில, உண்மையில் மூச்சு முட்டியவைதாம். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டா.

தமக்கையாரின் மகன் தூசியைத் துடைத்தான். பொறியைச் சுவரினின்று ஒரு சாண் நகர்த்தினான். பம்பு முனகிற்றேயன்றி நீர் ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைப் பயன்படுத்துவோர் வீடுகளில் இது புதிதன்று. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதும் இதே சரக்குத்தான். எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஓடவிட்டதும் படிவு கரைந்தது, பம்பு ஓடிற்று. நீர்மட்டம் அறியும் மிதவையும், கூடை நிரம்பியதை உணரும் சிறு கண்ணும் இவ்வாறே படிவால் மங்குவதுண்டு. இவையெல்லாம் அற்பச் செலவில் தீர்வன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒன்பது விரல்களில் நான்கில் மட்டுமே பனி பிடித்தது. மற்றவை ஈரமாகவே நின்றன. கம்ப்ரஸர் ஓடுகிறது, விசிறியும் சுழல்கிறது, எனினும் பாதி விரல்கள் குளிரவில்லை என்றால், வாயு குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மூடிய குழாயில் வாயு தானாகத் தேய்வதில்லை. எங்கோ கசிகிறது.

இங்கேதான் கேள்வி கடினமாகிறது. எங்கள் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். மடைப்பலகை உளுத்துப்போனால் பலகையை மாற்றுவார்கள். கண்மாயை மாற்றுவதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பம்பும் விசிறியும் மடைப்பலகை போன்றவை. வாயுக் கசிவு கரையிலே விழுந்த ஓட்டை. கசிவை அடைக்கக் குழாயைப் பற்றவைக்கவேண்டும். உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் இழுக்கவேண்டும். பிறகு பெயர்ப்பலகையில் குறித்த எடைக்கு வாயுவை நிறுத்து ஏற்றவேண்டும். பெரிய குளிர்பதனப் பெட்டியாயினும் இந்தச் சிறு பொறியாயினும் மெக்கானிக்கின் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இருபத்தையாயிர ரூபாய்ப் பெட்டிக்கு நியாயமாகத் தோன்றும் கூலி, ஒன்பதாயிர ரூபாய்ப் பொறிக்குக் கனமாகத் தோன்றுகிறது.

வாயு எதுவென்பதும் முக்கியம். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 என்னும் வாயு, வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது என்று கண்டு, 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டது. அத்தகைய பழம்பெட்டி கசிந்தால் விடைகொடுப்பதே சரி. எங்கள் பொறியின் பலகையில் ஆர்-600ஏ என்று கண்டிருந்தது. அஃது ஐசோபியூட்டேன்; வளிமண்டலத்துக்குத் தீங்கு மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றக் கூடியது. எனவே அடுப்பங்கரையில் யாரோ ஒருவர் குழாயை வெட்டி ஒட்டும் வேலை அன்று. 'கேஸ் மட்டும் ஏற்றித் தருகிறேன்' என்று கசிவைத் தேடாமலே சொல்கிறவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. ஏற்றிய வாயு போன வழியே போகும்.

அறந்தாங்கியில் தொழிலறிந்த ஒரு மெக்கானிக் கிடைத்தார். கசிவின் இடத்தைக் கண்டுசொல்ல மட்டும் ரூ.300 என்று முதலில் பேசிக்கொண்டோம். கசிவு விரல்களின் வார்ப்புக்குள்ளே இருந்தால் வேலையை அத்தோடு நிறுத்துவது என்பது ஏற்பாடு. அவர் முற்றத்துக்குப் பொறியைக் கொணரச்செய்து, வடிகட்டிக் குழலுக்கருகே ஓர் இணைப்பில் எண்ணெய்க் கறையைக் காட்டினார். வாயுவோடு சிறிது எண்ணெயும் ஓடுவதால் கசியும் இடத்தில் கறை படியும். சோப்பு நுரை தடவியதும் குமிழி வந்தது. எட்டக்கூடிய இடம். முன்னர்ப் பேசிய முந்நூறும் சேர்த்து மொத்தம் ரூ.2,400 என்றார்.

பையன் தாளெடுத்துக் கணக்குப் போட்டான். புதிய பொறி ஐந்தாண்டு உழைக்குமென்று கொண்டால் ஆண்டுக்கு ரூ.1,800 ஆகிறது. 2,400-ஐ அத்தொகையால் வகுத்தால் ஓராண்டும் நான்கு மாதமும். செப்பனிட்ட பொறி பதினாறு மாதம் தாங்கினால் செலவு சரி; அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் ஆதாயம்; அதற்குமுன் நின்றால் நட்டம். பழுதுச் செலவைப் புதிய விலையின் பாதியோடு ஒப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது கேட்பதே இல்லை.

இரண்டுமே வேண்டா என்ற வழியையும் எண்ணிப்பார்த்தோம். வீட்டுப் பெட்டியின் உறைபகுதியில் பாத்திரங்களில் நீர்வைத்து உடைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுப்பகல் வியாபாரத்துக்கு அது போதாது. ஜகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன்துறைகளுக்குப் போகும் ஐஸ் பார் மலிவுதான். மீனைக் காக்கச் செய்த அதனைக் குவளையில் இடுவது முறையன்று. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பிறகு, கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தபோது, பழுதில்லாப் பெட்டிகளும் சும்மாதான் கிடந்தன. அப்போது தமக்கையார் பானைத் தண்ணீரில் சர்பத் கலந்து விற்றாராம். "விற்றது, ஆனால் பாதிதான் விற்றது" என்கிறார்.

முடிவைச் சொன்னவர் அவர்தாம். "புதிதுக்குக் கொடுத்தால் கட்டணத்திலே குறையும். இதற்குக் கொடுத்தால் குறையாது. ஓடுகிறவரை ஓடட்டும்" என்றார். மெக்கானிக் மூன்று மாதத்துக்குப் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்தார். பற்றவைத்து, வடிகட்டியை மாற்றி, வாயுவை நிறுத்து ஏற்றினார். கால்மணி நேரத்தில் ஒன்பது விரல்களிலும் பனி பிடித்தது.

இப்போது தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரல்ல, வடிகட்டி இயந்திரத்தின் நீர்தான் ஊற்றுகிறார்கள். வாரம் ஒருமுறை எலுமிச்சைக் குளியல். மின்சாரம் நின்று வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்தே விசையைப் போடுகிறார்கள். உள்ளழுத்தம் சமனாகாமல் கிளப்பினால் கம்ப்ரஸர் திணறும். பொறியின் பக்கவாட்டில் பையன் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். பழுது பார்த்த தேதி, கொடுத்த தொகை, பதினாறாம் மாதம் முடியும் நாள். அதன்கீழ், மறுபடி கசிந்தால் செப்பனிடுவதில்லை, 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற இடத்தில் ஒப்படைப்பது என்றும் எழுதியிருக்கிறான். தமக்கையார் அந்தத் தாளின்மேல் மஞ்சள் தடவிவிட்டார்.