கர்ப்பிணிகளும் வீட்டுப் பூனையும்

(நமது ஜமாஅத் மகளிருக்கான மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஆற்றிய உரை)

 

சில மாதங்களுக்கு முன் கர்ப்பிணி ஒருவர் தம் மாமியாருடன் என்னிடம் வந்தார். ஐந்தாண்டுகள் வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டி மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டார்கள் எனச் சொல்லி அழுதார். பூனை முடி குழந்தையைக் கெடுக்கும் என்று யாரோ கூறினார்களாம். ஆனால் கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியை நாவில் வைத்து உப்புப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. அதை யாரும் தடுக்கவுமில்லை!

டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்பதே இந்நோயின் பெயர். எலி, பறவை, பச்சை இறைச்சி தின்னும் பூனையின் குடலில் இவ்வொட்டுண்ணி பெருகுகிறது. முதன்முறை தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை, கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் மலத்தில் வெளியேறும். அவை முதிர்ந்து தொற்றும் நிலையடையக் குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே மலத்தை அன்றாடம் அகற்றும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு. அப்பணியைக் கணவர் செய்யட்டும். ஆளில்லையெனில் கையுறை அணிந்து செய்து, சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் இம்முட்டைகளைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும்.

நம் ஊரில் மணல் தட்டு வைப்போர் சிலரே. பூனைகள் கொல்லையிலும் கட்டுமான மணற்குவியலிலுமே கழிக்கின்றன. ஈரமண்ணில் இம்முட்டைகள் ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழும். எனவே பூனையே இல்லாத வீட்டிலும் கீரையை நன்கு அலச வேண்டும்.

2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, கர்ப்பிணிகளின் தொற்றில் 30 முதல் 63 சதவீதம் சரியாக வேகாத இறைச்சியாலும், 6 முதல் 17 சதவீதம் மண்ணாலும் வந்ததாகக் கணித்தது. பூனையுடன் பழகுவது அதில் காரணமாகத் தென்படவில்லை. இரத்தம் ஊறுமென்று சுவரொட்டியை அரைவேக்காட்டில் ஊட்டும் பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும். குர்பானிக் கறியைத் துண்டு போட்ட கையையும் அரிவாள்மனையையும் உடனே கழுவுங்கள்.

பூனை வாய் வைத்த நீர் அசுத்தமாகாது என உலமாக்கள் கூறுவர். அதன் மலம் அசுத்தம் என்பதில் அவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை.

கர்ப்பத்திற்கு வெகுமுன்பே தொற்றியவருக்குப் பொதுவாக எதிர்ப்புச் சக்தி இருக்கும். கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் கவலை. பெரும்பாலும் தாய்க்கு அறிகுறியே இராது. தொடக்க மாதங்களில் குழந்தைக்குப் பரவுவது அரிது. பரவினால் கரு கலையலாம், மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். பிந்திய மாதங்களில் எளிதில் பரவும், பாதிப்புக் குறைவு.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். இரத்தப் பரிசோதனையில் ‘ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்ற ஒரு தாளைக் கண்டு கருவைக் கலைக்க முடிவெடுக்காதீர்கள். பழைய தொற்றிலும் அது பல மாதங்கள் நீடிக்கும். அடுத்தகட்டப் பரிசோதனைகள் உண்டு. ஸ்பைராமைசின் போன்ற மருந்துகளும் உண்டு.

அப்பெண்ணின் பூனை மூன்றாம் நாள் தானே திரும்பி வந்துவிட்டதாம். வேகவைத்த மீனும் சோறும் மட்டும் கொடுத்து வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள் என்றேன். மணல் தட்டை இப்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார்.