மறைத்த குற்றமும் வளர்த்த வஞ்சமும்



அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தார்ன் 1850-இல் வெளியிட்ட நாவல் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. பாஸ்டன் நகரில் ஹெஸ்டர் என்பவள் கைக்குழந்தையோடு, ஊரறியப் பழி சுமந்து நிற்கிறாள். குழந்தையின் தந்தையான போதகர் டிம்ஸ்டேல் ஏழாண்டு வாய் திறக்கவில்லை. வெளியே உபதேசம், உள்ளே புழுக்கம். காணாமற்போயிருந்த அவள் கணவர், பெயரை மாற்றிக்கொண்டு, வைத்தியராகப் போதகருடன் ஒரே வீட்டில் தங்குகிறார். மருந்து கொடுக்கும் கையே மனப்புண்ணையும் கிளறுகிறது. கடைசியில் போதகர் ஊரார் முன் உண்மையைச் சொல்லி உயிர்விடுகிறார். வஞ்சம் வளர்த்தவரோ, பழிவாங்க ஆளின்றி ஓராண்டுக்குள் மாண்டார். வெளிப்படையாகச் சுமந்தவளே நிலைத்தாள்.

பாருங்க பிள்ளைகளே, ஒளிச்சு வச்ச தப்புதான் எதிராளி கையிலே கத்தி. தப்பு செஞ்சா அன்னிக்கே சொல்லிடுங்க.